சாவைப் பாடினால் காசு பார்ப்பதா?

கேள்வி: அண்ணாச்சி, வெளிநாட்டுப் பாடகர்கள் சிலர் புற்றுநோய் வந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது 'கடைசி ஆல்பம்' என்று ஒன்றை வெளியிடுகிறார்கள். சாவை வைத்துக் காசு பார்ப்பதுதானே இது? நம்ம ஊர்க் கலைஞன் இப்படிச் செய்வானா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே, அதுதான் வேடிக்கை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்கு உங்கள் தெருவிலிருந்தே வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே பட்டவராயன் என்று கும்பிட்டு, தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறோமே, அவர் யார்? மாடு திருட வந்தவர்களோடு மோதிக் குத்துப்பட்டுச் செத்த முத்துப்பட்டன். அவர் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்கியதையும் சேர்த்து விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். பட்டன் விழுகிற கட்டம் வரும்போது, வில்லடித்துப் பாடுகிற அண்ணாவியின் கையில் வீசுகோல் வேகம் எடுக்கும், குடத்தில் அடி மாறும், உடுக்கை உச்சத்துக்குப் போகும், அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த சாமியாடி விறுக்கென்று எழுந்து நிற்பார். வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துத்தான் அண்ணாவியைக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் சாவை வைத்துக் காசு பார்க்கிறார் என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? அடுத்தவன் சாவைப் பாடினால் கோவில் கொடை, தன் சாவைத் தானே பாடினால் வியாபாரமா? என்ன கணக்கு இது!

சரி, நீங்கள் சொல்லும் ஆட்களைப் பார்ப்போம். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தை வெளியிட்டது 2016 ஜனவரி 8, அவருடைய 69-வது பிறந்தநாள். ஜனவரி 10-ஆம் தேதி போய்விட்டார். கல்லீரலில் புற்றுநோய் என்பது நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது; நடுவில் இருந்த இரண்டு நாளும் ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் அது தெரியாமலேதான் எழுதினார்கள். விற்கிற விஷயத்தை ஒளித்து வைத்துவிட்டு விளம்பரம் செய்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை, நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

அமெரிக்கப் பாடகர் வாரன் ஸெவான் நேர் எதிர். 2002-இல் நுரையீரலைச் சுற்றியுள்ள படலத்தில் புற்று, சில மாதம்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மனுஷன் அதை ஒளிக்கவில்லை, டிவியிலேயே உட்கார்ந்து பேசினார், நண்பர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துப் பாடினார். 'தி விண்ட்' என்ற அந்த ஆல்பம் 2003 ஆகஸ்ட் 26-இல் வந்தது, செப்டம்பர் 7-இல் இறந்தார். அடுத்த வருடம் இரண்டு கிராமி விருது. காசு வந்திருக்கும், பிள்ளைகளுக்குப் போயிருக்கும். போகட்டுமே, ஆயுசெல்லாம் பாடிச் சம்பாதித்தவர் கடைசி வருடம் மட்டும் இலவசமாகப் பாட வேண்டுமா?

உங்களுக்குப் பிடித்த கதை ஒன்றும் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் வில்கோ ஜான்சன், கிதார் கலைஞர். 2013 ஜனவரியில் கணையப் புற்று, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள். கீமோ வேண்டாமென்று சொல்லிவிட்டு விடைபெறும் கச்சேரிகளுக்குக் கிளம்பினார், 'தி ஹூ' குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரியோடு சேர்ந்து ஓர் ஆல்பமும் போட்டார். அது 2014 மார்ச்சில் வந்தபோது ஆள் இன்னும் உயிரோடு இருந்தார்! இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறாரே என்று ரசிகராக இருந்த ஒரு சர்ஜனுக்குச் சந்தேகம் வர, மறுபடி பார்த்தால் வேறு வகைப் புற்று. ஏப்ரலில் மூன்று கிலோ கட்டியை வெட்டி எடுத்தார்கள். 2022 நவம்பர் வரை இருந்தார். ஏமாற்றிவிட்டார் என்று அவர்மேல் வழக்குப் போடலாம் என்கிறீர்களா?

நம்ம ஊர்க் கலைஞன் செய்வானா என்ற இரண்டாவது கேள்விதான் எனக்கு உறைக்கிறது. செய்ய மாட்டான், ஏனென்றால் அவனுக்கு விஷயமே தெரியாது. ரிசல்ட் வந்ததும் டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார், மகன் அம்மாவிடம் சொல்வான், சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் வரை போய்விடும், நோயாளிக்கு மட்டும் "வெறும் அல்சர்தான்பா." பாசத்தில் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் போகிறோம் என்று தெரியாதவன் எதை விடைபெற்றுப் பாடுவான்? நம் நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் 1964-இல் போனபோது வயது நாற்பத்துச் சொச்சம்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் 'கொஞ்சும் சலங்கை'க்கு அவர் வாசித்த நாதஸ்வரம் இன்றைக்கும் கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்கிறது. சினிமாவுக்கு அந்தச் சில நிமிஷம் போதுமாக இருந்தது. அவர் விடிய விடிய வாசித்த ராகங்களில் பாதிக்கு மேல் கேட்டவர்களோடேயே போய்விட்டன.

உங்கள் பக்கம் வில்லடிக்கிற பெரியவர் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போகும்போது எந்தக் கதையைப் பாடிவைக்க ஆசை என்று கேளுங்கள். செல்போனில் பதிந்தாலும் போதும். அவர் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.