பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து

கேள்வி: ஓவியரான அப்பா போன வருடம் காலமானார். வீட்டில் 300 படங்களுக்கு மேல் இருக்கின்றன. கோயில், தேர்த் திருவிழா என்று அவர் முன்பு வரைந்தவற்றை வாங்க ஆள் இருக்கிறது. கடைசிக் காலத்தில் கை நடுக்கத்தோடு போட்ட வெறும் வண்ணத் திட்டுகளை யாரும் கேட்கவில்லை. படங்களின் பின்னால் வரிசை எண் எழுதுவது அவர் வழக்கம். கடைசி நாற்பதுக்கு மட்டும், அதே வரிசையில், அம்மா கையெழுத்து. நல்லவற்றை நானும் தம்பியும் பிரித்துக்கொண்டு, மற்றதைக் கழித்துவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது.

உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன். அம்மா ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார், அதுவும் கையெழுத்தாக. எண் எழுத வராத கை தூரிகையை விடவில்லை. அப்போது பக்கத்தில் நின்றவர் அவர்தானே? எந்தப் படம் முடிந்தது, எது பாதியில் நின்றது, எது மேல்பக்கம் என்று அவருக்குத்தான் தெரியும். எண்ணும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கவில்லை, தொடர்ந்துதான் போகிறது. உங்கள் அப்பாவுக்கு அது ஒரே வேலை. அதை நல்லது, கெட்டது என்று கூறுபோட நீங்கள் யார்?

ஓவியர் கே.எம். ஆதிமூலம் என்றால் 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்கள்தான் பலருக்கு நினைவு வரும். அப்புறம் அரசர்களை வரைந்தார். பிறகு உருவமே கரைந்து, வண்ணம் மட்டும் நிற்கும் எண்ணெய் ஓவியங்களுக்குப் போனார். 2008இல் அவர் மறைந்தார். காந்தியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்திருந்தால்?

கை நடுக்கத்தையும் ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். பிரான்சின் ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார், அவர் காட்டிய இடத்தில் அவர்கள் பொருத்தினார்கள். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘நத்தை’ என்ற படம் அப்படி 1953இல் உருவானதுதான். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

சரி, செய்ய வேண்டியது இது. தம்பியை வரவழையுங்கள். அம்மாவை உட்காரவைத்து, கடைசி எண்ணிலிருந்து ஒவ்வொரு படமாகக் காட்டுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே தம்பி எழுதட்டும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

விற்பதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மா இருக்கும்போதே, அவரைக் கேட்காமல் பிள்ளைகள் பாகம் பிரிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பணமுடை என்றால் எதை விற்பது என்று அவர் சொல்லட்டும்.

இந்த வாரமே தொடங்குங்கள். அம்மாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை.