வாசகர் கேள்வி - பதில்: லோம்பா ஆற்றில் சிக்கிய படை

கே: அங்கோலா அரசுப் படை 1987-ல் யுனிட்டா கிளர்ச்சியாளர்களை ஒழிக்கக் கிளம்பியது. டாங்கியும் மிக் விமானமும் வைத்துக்கொண்டு பாதி வழியில் திரும்பியது ஏன்?

ப: டாங்கிகளை எண்ணினால் விடை கிடைக்காது, டீசல் லாரிகளை எண்ண வேண்டும். ஆகஸ்டில் 16, 21, 47, 59 என நான்கு படைப்பிரிவுகள் அரசின் கையிலிருந்த தென்கிழக்கு ஊரான குயிட்டோ குவானவாலேயை விட்டுப் புறப்பட்டன. முதல் இலக்கு மவிங்கா. வெறும் மண் ஓடுதளம்தான். ஆனால் அதைப் பிடித்தால் தென்கிழக்கு மூலையில் இருந்த யுனிட்டா தலைவர் சவிம்பியின் தலைமையகம் ஜாம்பாவை நெருங்கிவிடலாம்.

அந்த வட்டாரத்தை 'உலகத்தின் கடைசி நிலம்' என்றார்கள் போர்த்துக்கீசியர். மணலும் புதர்க்காடும்தான். மணலில் லாரி கீழ் கியரிலேயே ஊரும், டீசலைக் குடித்துத் தீர்க்கும். தீர்ந்தது திரும்ப வர மெனோங்கே நகரிலிருந்து குயிட்டோ குவானவாலே வரை சுமார் 180 கி.மீ. ஒற்றைச் சாலை, அதில் கண்ணிவெடி புதைப்பதும் பதுங்கித் தாக்குவதும் யுனிட்டாவுக்கு அன்றாட வேலை. ஹெலிகாப்டரில் அனுப்பலாமா? 1986 முதல் அவர்கள் கையில் அமெரிக்கா தந்த ஸ்டிங்கர் ஏவுகணை இருந்தது.

இத்தனையும் தாண்டி வந்தால் லோம்பா. ஆறு பெரிய அகலமில்லை. வம்பு அதன் இரு கரைச் சதுப்பில்: மேலே பசும்புல், கீழே சேறு. லாரியிலிருந்து விரிக்கும் சோவியத் பாலமான டிஎம்எம்மின் நான்கு துண்டுகளையும் கோத்தால் 42 மீட்டர் நீளும், 60 டன் தாங்கும். ஆனால் பாலம் வரை வண்டி போய்ச் சேர வேண்டுமே! மரத்தை வெட்டி அடுக்கித்தான் பாதை போட வேண்டும். கட்டை நழுவி ஒரு வண்டி புதைந்தால் பின்னால் வருபவை வரிசையாக நிற்கும்.

47-ஆவது பிரிவுக்கு அதுதான் நேர்ந்தது. ஆறு தொடங்கும் இடத்தைச் சுற்றித் தென்கரைக்குப் போனது. துணைக்கு வரவேண்டிய மற்றவை வடகரையிலேயே நின்றுவிட்டன. அக்டோபர் 3 அன்று அது வடகரைக்கு மீள முயன்றபோது, யுனிட்டாவுக்குத் துணை நின்ற தென்னாப்பிரிக்காவின் ராட்டல் கவச வண்டிகளும் பீரங்கிகளும் தாக்கின. வண்டிகளைப் போட்டுவிட்டு வீரர்கள் நடந்தே ஆற்றைக் கடந்தார்கள். விமான எதிர்ப்பு ஏவுகணை அமைப்பான ஓசாவும் எதிரி கைக்குப் போனது. அரசுப் படையினர் 1985-லும் இதே மவிங்காவை நோக்கிப் போய்த் திரும்பியவர்கள்தான். திட்டம் போட்டவர்களுக்கு அது நினைவில்லை போலும்.

கே: விரட்டி வந்த தென்னாப்பிரிக்கர்கள் குயிட்டோ குவானவாலேயைப் பிடித்தார்களா?

ப: இல்லை. 40 கி.மீ. அளவுக்குச் சுடும் ஜி5 பீரங்கியால் ஊரை நொறுக்க முடிந்தது, உள்ளே நுழைய முடியவில்லை. நவம்பரில், அங்கோலா அரசுக்குத் துணை நின்ற கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோ கூடுதல் படை அனுப்ப முடிவு செய்தார். 1988 மார்ச் 23-ல் ஊருக்கு அருகே டும்போவில் நடந்த கடைசித் தாக்குதலில் மூன்று ஒலிஃபான்ட் டாங்கிகளைக் கண்ணிவெடி வயலிலேயே விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். இரு தரப்பும் இன்றுவரை வெற்றி தன்னுடையது என்கின்றன. மவிங்காவை அரசாலும் குயிட்டோவைத் தென்னாப்பிரிக்காவாலும் பிடிக்க முடியவில்லை என்பதே கணக்கு.