கபிலின் 175 டிவிடியில் கிடைக்குமா?

விளையாட்டுப் போட்டிகளின் வட்டுகளைப் பற்றிய கடிதங்கள் கொஞ்ச நாளாகவே மேசையில் சேர்ந்துகொண்டிருந்தன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் தேவ் 175 ரன் அடித்த ஆட்டத்தின் டிவிடி 899 ரூபாய் என்று இணையத்தில் ஒருவர் விளம்பரம் செய்திருக்கிறார். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கித் தர ஆசை. நம்பி வாங்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: வாங்காதீர்கள். அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது.

1983 ஜூன் 18, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம். இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து நின்றபோது கபில் ஆடியது அந்த ஆட்டம். அன்று பிபிசி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஒரு கதை நாற்பது வருடமாகச் சொல்லப்பட்டு வருகிறது. காரணம் எதுவோ, மைதானத்துக்குத் தொலைக்காட்சிக் கேமரா போகவில்லை. பார்த்தவர்களின் நினைவும் சில புகைப்படங்களும் ஸ்கோர் புத்தகமும்தான் மிச்சம். இல்லாத படத்துக்கு 899 ரூபாய் என்ன, எட்டணாவும் அதிகம்.

அப்பாவுக்கு அந்த உலகக் கோப்பைதான் வேண்டுமென்றால், ஜூன் 25 அன்று லார்ட்ஸில் நடந்த இறுதி ஆட்டத்துக்குப் பதிவு இருக்கிறது. இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. விவ் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்தைக் கபில் பின்பக்கமாக ஓடிப் பிடித்த காட்சி அதில் உண்டு. எழுபது வயதுக்காரருக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மகன், கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ஒலிம்பிக் படங்களின் ப்ளூரே தொகுப்பை வாங்கி வந்தான். பெரிய பெட்டி, கனமான புத்தகம், அருமையான அச்சு. ஆனால் நம் ஊரில் வாங்கிய ப்ளூரே பிளேயரில் ஒரு வட்டுகூட ஓடவில்லை. எல்லாமே பழுதா?
— ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: பழுது எதிலும் இல்லை, ஐயா. பூட்டு ஒன்று, சாவி வேறு.

ப்ளூரே வட்டுகளுக்காக உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா ஆகியவை ‘ஏ’. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, ஆஸ்திரேலியா ‘பி’. இந்தியா, சீனா, ரஷ்யா ‘சி’. உங்கள் மகன் வாங்கிய தொகுப்பு ‘ஏ’ மண்டலத்துக்கு உரியது. உங்கள் பிளேயர் ‘சி’. பெட்டியின் பின்பக்கம் சிறிய சின்னமாக அந்த எழுத்து அச்சாகியிருக்கும். விற்றவர் மறைக்கவில்லை என்பதால் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை.

அதற்காகப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். 1912 ஸ்டாக்ஹோம் முதல் 2012 லண்டன் வரை 41 ஒலிம்பிக் போட்டிகள், 53 படங்கள், 32 வட்டுகள். அதிலும் 1964 டோக்கியோ போட்டியை கோன் இச்சிகாவா எடுத்திருக்கும் விதத்தை ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் பார்க்காமல் விடக்கூடாது. வென்றவரை மட்டுமல்ல, மூச்சு வாங்கி நின்றவரையும் பார்க்கிற கண் அவருக்கு.

கடைக்காரர்கள் “எல்லா மண்டலமும் ஓடும்” என்று சொல்லி ஒரு பிளேயரைக் காட்டுவார்கள். அங்கேதான் கவனம் தேவை. டிவிடிக்கான பூட்டு வேறு (அதன் மண்டலங்களுக்கு எழுத்து அல்ல, எண்), ப்ளூரேக்கான பூட்டு வேறு. டிவிடி பூட்டைப் பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே திறந்துவிடலாம். விலை மலிந்த பிளேயர்கள் பலவற்றில் அந்தப் பூட்டே இருக்காது. ப்ளூரே பூட்டு அப்படி எளிதில் திறக்காது. கடைக்காரர் ‘எல்லா மண்டலமும்’ என்று சொல்வது பெரும்பாலும் டிவிடியை மனதில் வைத்துத்தான். உங்கள் வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. அடுத்த முறை வரும்போது மகன் அமெரிக்காவிலேயே ஒரு சாதாரண ப்ளூரே பிளேயரை வாங்கி வரட்டும். எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தால் நம் ஊர் டிவியில் படம் தாராளமாக வரும். ஆனால் சுவரில் செருகும் முன் பிளேயரின் அடியிலோ அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் வீட்டு 230 வோல்ட் அதைச் சுட்டுவிடும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

(4கே ப்ளூரே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே இல்லை. நல்ல புத்தி கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.)

கேள்வி: ஒருநாள் கிரிக்கெட் இறுதிப் போட்டி ஒன்றின் “முழு ஆட்டம்” என்று அட்டையில் போட்டிருந்த டிவிடியை இணையக் கடையில் வாங்கினேன். ஒரே வட்டு. போட்டுப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். திருப்பி அனுப்பக் கேட்டால், உறை பிரித்த வட்டை எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: இந்தக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. மண்டலப் பூட்டால் ஏமாந்தவர்களைவிட ‘முழு ஆட்டம்’ என்ற இரண்டு சொல்லால் ஏமாந்தவர்கள்தான் அதிகம். பதினைந்து வருடம் வீடியோ கடை நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், இந்தச் சொற்களை நானும் நம்பி ஒரு மொத்த வியாபாரியிடம் இருபது பெட்டி வாங்கிக் கை சுட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றுமுதல் அட்டைப் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறேன்.

கணக்கு எளிது. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரண்டு அடுக்கு உள்ள டிவிடி 8.5 ஜிபி. விளையாட்டுப் படத்தைச் சுருக்குவது கடினம். புல், கூட்டம், ஓடும் பந்து எல்லாம் நொடிக்கு நொடி மாறுவதால் தரம் கெடாமல் பதிவு செய்ய நிமிடத்துக்குச் சுமார் 45 எம்பி ஆகும். அப்படியானால் முதல் வகையில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டாம் வகையில் மூன்று மணி நேரம். ஐம்பது ஓவர் ஆட்டமோ இடைவேளையைக் கழித்தாலும் ஏழு மணி நேரம். குறைந்தது மூன்று வட்டாவது வேண்டும். ஒரே வட்டில் முழு ஆட்டம் என்றால் ஒன்று அது முக்கியக் கட்டங்களை மட்டும் வெட்டி ஒட்டிய தொகுப்பு, இல்லையென்றால் பந்து எங்கே போகிறது என்றே தெரியாத அளவுக்குப் பிழிந்தது. அட்டையின் பின்பக்கம் ‘நேரம்’ என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அந்த வரி இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

இனி உங்கள் பணம். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வதாம்? 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். “முழு ஆட்டம்” என்ற விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். புகார் போனதும் முதலில் காணாமல் போவது அந்தப் பக்கம்தான். வட்டு ஓடும் நேரத்தைத் திரையில் காட்டியும் ஒரு படம். பிறகு அந்த அதிகாரிக்கு எழுத்தில் புகார். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் ஊரில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

கேள்வி: 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் டிவிடியைச் சென்னையில் வாங்கி டொராண்டோவில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பினேன். அட்டையில் எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அவர் வீட்டில் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருள்கிறதாம். அதே வட்டு இங்கே நன்றாக ஓடியது.
— வாசகி, சென்னை

பதில்: இது மண்டலப் பிரச்சினை அல்ல, பால் பிரச்சினை. (கறவைப் பால் இல்லை.)

பழைய தொலைக்காட்சி முறைகளில் இரண்டு இதற்குக் காரணம். இந்தியா, இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை ‘பால்’ முறையைப் பின்பற்றின: 625 கோடு, விநாடிக்கு 25 படம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவை ‘என்டிஎஸ்சி’: 525 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம். பின்னதன் நான்கு எழுத்தை ‘நெவர் ட்வைஸ் த சேம் கலர்’, அதாவது ஒரே நிறம் இருமுறை வராத முறை என்று விரித்துப் பொறியாளர்கள் கேலி செய்வதுண்டு. டிவிடி வந்த பிறகும் இந்தப் பிரிவினை வட்டுக்குள் அப்படியே குடியேறிவிட்டது. மண்டல எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானும் இங்கிலாந்தும் டிவிடியில் ஒரே 2-ஆம் மண்டலம். முறையோ வேறு வேறு.

நம் ஊர் பிளேயர்களும் டிவிகளும் இரண்டையும் ஏற்கப் பழகியவை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி வந்த வீடுகள் அல்லவா! வட அமெரிக்காவில் விற்கும் பிளேயர்கள் பலவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மைத்துனர் அதைக் கணினியில் போட்டுப் பார்க்கட்டும். கணினிக்கு இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே பேதம் கிடையாது.

அவருக்காக என்டிஎஸ்சி பதிப்பைத் தேடிப் போகாதீர்கள். பால் முறையில் எடுத்த ஆட்டத்தை என்டிஎஸ்சிக்கு மாற்றும்போது 25 படத்தை 30 ஆக்க, இரண்டு படங்களைக் கலந்து புதிதாக ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு பந்துக்குப் பின்னால் இன்னொரு பந்து நிழலாக வரும். சினிமாவில் கண்ணுக்குத் தெரியாது, கிரிக்கெட்டில் உறுத்தும். ஆட்டம் எந்த நாட்டு முறையில் படமெடுக்கப்பட்டதோ, அந்த முறையிலுள்ள பதிப்புதான் எப்போதும் நல்லது.

ப்ளூரே அனுப்பினால் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் ஒளிபரப்புக்காக எடுத்த விளையாட்டு ப்ளூரேக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 50 என்ற கணக்கில்தான் இருக்கும். வட அமெரிக்கப் பிளேயர்கள் பல அதைக் கண்டாலும் முகம் திருப்பிக்கொள்ளும்.

கேள்வி: 1996 மார்ச் 17 லாகூர் இறுதி ஆட்டத்தை அப்பா டிவியிலிருந்து கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். அரவிந்த டி சில்வாவின் 107 ரன்னும் அதில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. கேசட்டை ஓட்டும் டெக்கும் இல்லை. கேசட்டை எப்படிக் காப்பாற்றுவது?
— வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: முதலில் கேசட்டின் சிறு சாளரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சாக ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் சகஜம். அதை எந்த டெக்கிலும் போடாதீர்கள். நாடாவும் கெடும், டெக்கின் தலையும் கெடும். அதைத் துடைத்துச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம்தான் போக வேண்டும். கேசட்டின் முதுகில் சிறு பிளாஸ்டிக் துண்டு இருந்தால் இன்றே உடைத்துவிடுங்கள். பிறகு யார் தவறிப்போய் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது.

புது டெக் வாங்க வழியில்லை. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழைய டெக் உள்ள ஸ்டூடியோவில்தான் மாற்றித் தருவார்கள். கேசட்டில் ‘இ-180’ என்று இருந்தால் இயல்பான வேகத்தில் அதில் மூன்று மணி நேரம்தான் அடங்கும். பகலிரவு ஆட்டம் முழுவதையும் அப்பா ஒன்றிரண்டு கேசட்டுக்குள் அடைத்திருந்தால், அரை வேகமான ‘எல்பி’யில் பதிவு செய்திருப்பார். எல்லா டெக்கும் எல்பியைச் சுத்தமாக வாசிக்காது. கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: மாற்றிய வீடியோவை விநாடிக்கு 50 பிரேமாகத் தர வேண்டும். நாடாவில் இருப்பது விநாடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் உள்ள படங்கள். சோம்பலான ஸ்டூடியோக்கள் அவற்றை 25 ஆக ஒட்டிக் கொடுத்துவிடும். ஓடும் பந்தின் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிளந்து தெரிவது அதனால்தான். அப்பா அன்று பார்த்த வேகம் வேண்டுமென்றால் 50 கேளுங்கள். மாற்றி முடிந்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பில் வெளிநாட்டு டிவிடி போட்டால் மண்டலத்தை மாற்றட்டுமா, இன்னும் நான்கு முறைதான் என்று கேட்கிறது. மாற்றலாமா?
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: யோசித்து மாற்றுங்கள். டிரைவுக்கு மொத்தம் ஐந்து முறைதான். ஐந்தாவது முறை எந்த மண்டலத்தில் நிற்கிறதோ, பிறகு ஆயுளுக்கும் அங்கேதான். இந்தியாவுக்கு டிவிடி மண்டலம் 5. உங்கள் வட்டுகளில் பெரும்பாலானவை எந்த எண் என்று எடுத்துப் பாருங்கள். 0 என்றோ, எல்லா மண்டலமும் என்றோ போட்டிருப்பவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்; அவை எதிலும் ஓடும்.