பெர்கன் வணிகப் பள்ளி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பங்குச் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையில், நார்வேயின் பெர்கன் நகரிலுள்ள வணிகப் பள்ளியைப் பொருளியலின் பெரிய கல்விக்கூடங்களுள் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். மகளின் மேற்படிப்புக்காகத் தரவரிசைப் பட்டியல்களைப் பார்த்து வருகிறேன். முதல் வரிசையில் அந்தப் பெயர் கண்ணில் படவே இல்லை. சற்று மிகையாகச் சொல்லிவிட்டீர்களோ?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மிகையாகச் சொல்லவில்லை. குறைவாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

படித்து வெளியேறியவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதற்கு அந்தப் பட்டியல்கள் நிறைய மதிப்பெண் தருகின்றன. உங்கள் மகளுக்கு அது தேவையான தகவல்தான். ஆனால் அந்த வகுப்பறைகளில் என்ன சிந்திக்கப்பட்டது என்பதை அதில் தேட முடியாது.

பெர்கன் பழைய துறைமுகம். வட நார்வேயின் உலர்ந்த மீனை ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்பியே வளர்ந்த ஊர். அங்கே வணிகப் பள்ளி அமைக்க நார்வே நாடாளுமன்றம் 1917இல் முடிவெடுத்தது. பள்ளி திறந்ததோ 1936இல். நாட்டின் முதல் வணிகப் பள்ளி அது. அந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்ததே அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1946இல்தான்.

அங்கே காப்பீட்டுத் துறைப் பேராசிரியராக இருந்தவர் கார்ல் போர்க். கப்பலுக்குக் காப்பீடு தந்த நிறுவனம், கப்பலோடு தானும் மூழ்கிவிடாமலிருக்க, பொறுப்பில் ஒரு பகுதியை வேறு நிறுவனங்களின் தலையில் ஏற்றும். இதுதான் மறுகாப்பீடு. யார் எவ்வளவு ஏற்பது, என்ன விலைக்கு ஏற்பது? 1962இல் போர்க் இதைக் கணிதமாக எழுதினார்.

அதே பள்ளியில் படித்து, அங்கேயே பேராசிரியரானவர் யான் மோசின். போர்க்கின் கணிதத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் இருந்த இடத்தில் அவர் முதலீட்டாளர்களை வைத்தார். கப்பல்கள் இருந்த இடத்தில் பங்குகளை வைத்தார். ஒரு பங்கு தனியாக ஏறி இறங்குவதற்குச் சந்தை கூலி தராது. பல பங்குகளைச் சேர்த்து வைத்தால் அந்த ஆட்டங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சந்தை முழுவதும் சரியும்போது அந்தப் பங்கும் கூடவே எவ்வளவு சரிகிறது என்பதே அதன் உண்மையான ஆபத்து. உலகெங்கும் நிதி மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கும் பாடம் இது. மோசினின் கட்டுரை 1966இல் வந்தது. இதே முடிவுக்கு 1964இல் தனியாக வந்து சேர்ந்திருந்த அமெரிக்கர் வில்லியம் ஷார்ப், 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மோசின் 1987இலேயே மறைந்துவிட்டார். மறைந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. நான் படித்த பாடப்புத்தகத்தில் ஷார்ப் பெயர் மட்டுமே இருந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம்.

நோபல் பெற்றவரும் உண்டு. ஃபின் கிட்லண்ட், தென்மேற்கு நார்வேயின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ரோமத்துக்காக மிங்க் என்ற சிறு விலங்கை வளர்த்த நண்பரின் பண்ணைக்குக் கணக்கு எழுதியபோதுதான் பொருளியலில் ஆர்வம் வந்ததாம். 1968இல் பெர்கனில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆய்வு முடித்து, அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பினார். அமெரிக்கப் பொருளியலாளர் எட்வர்ட் பிரெஸ்காட்டுடன் சேர்ந்து 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஓர் எளிய உதாரணம் வருகிறது. வெள்ளம் வரும் சமவெளியில் வீடு கட்டினால் அரசு அணை கட்டித் தராது என்று அறிவித்தாலும், வீடுகள் எழும்பிவிட்டால் அரசு அணை கட்டத்தான் செய்யும் என்பது மக்களுக்குத் தெரியும். ஆகவே கட்டுகிறார்கள். விலைவாசியை ஏறவிட மாட்டோம் என்று ஆட்சியாளர்கள் தரும் வாக்கையும் மக்கள் இப்படித்தான் நம்புவதில்லை. மத்திய வங்கிகளை ஆட்சியாளர்களின் கையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது இந்தக் கட்டுரை. 2004இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

மகளுக்கு ஒரு செய்தி: ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு நார்வே 2023 முதல் கட்டணம் விதிக்கிறது. அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போர்க்கின் கட்டுரையையும் மோசினின் கட்டுரையையும் அவளிடம் கொடுங்கள். முன்னதன் தலைப்பு 'மறுகாப்பீட்டுச் சந்தையில் சமநிலை'. பின்னது 'மூலதனச் சொத்துச் சந்தையில் சமநிலை'.