கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே ஆளுக்கு இரண்டு வாசல்

கேள்வி: என் மகள் சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறாள், ஏ.எல். முடித்துவிட்டாள். திருகோணமலை டவுனில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து தெரேசியா டெகனர் என்ற ஜேர்மன் பேராசிரியரைப் பற்றியே பேச்சு. மாற்றுத்திறனாளி உரிமையையும் பெண் சமத்துவத்தையும் எதற்கு ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்? முதலில் ஒன்று கிடைக்கட்டுமே.
– ஒரு தாய், மூதூர்

பதில்: அம்மா, இதே கேள்வியை ஐ.நா.விலேயே கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை எழுதும்போது, பெண்களுக்கென்று தனி உறுப்புரை வேண்டும் என்று தென் கொரியா சொல்ல, எல்லாருக்கும் பொதுவாக எழுதினால் போதாதா என்று இழுபறி. கடைசியில் 2006இல் நிறைவேறிய சமவாயத்தில் 6ஆம் உறுப்புரை மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்றே வந்தது. டெகனர் அந்தப் பேச்சுவார்த்தையில் ஜேர்மன் குழுவோடு இருந்தவர். கர்ப்பிணிகள் எடுத்த தலிடொமைட் மாத்திரையால் 1961இல் கைகள் இல்லாமல் பிறந்து, சட்டம் படித்து, பிறகு 2017-18இல் சமவாயத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கே தலைவியானார். அவர் உறுப்பினராக இருந்தபோது, 2016இல், அந்தக் குழு 6ஆம் உறுப்புரைக்குக் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள்: வன்முறை, பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் உட்பட இனப்பெருக்க உரிமை, ஒன்றன்மேல் ஒன்றாக விழும் பாகுபாடு. "இவளுக்கு எதற்குக் கலியாணம்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களே (சொல்லாத வீடு எது?), அது இரண்டாவதில் அடங்கும். ஆணாக இருந்தால் அந்தப் பேச்சு இவ்வளவு சுலபமாக வராது, கால் நடந்தாலும் வராது, இரண்டும் சேர்ந்ததால்தான் வருகிறது. ஆகவே ஒன்றை முதலில் வாங்கிக்கொண்டு மற்றதை அப்புறம் பார்ப்பது என்பது அவளுக்குச் சரிவராது.

நம் இலங்கை அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரையையும் அவளிடம் காட்டுங்கள். பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்கிறது. நல்லதுதான், ஆனால் நடைமுறையில் பெண்களுக்கான பயிற்சி மாடியில் நடக்கும், மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் தலைவர் முதல் பொருளாளர் வரை ஆண்கள். அவள் எந்த வாசலால் போவது? டெகனரைப் பற்றி அவள் பேசிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கேள்வி: புதிதாகக் கட்டிய ஒரு பொது அலுவலகத்தில் சாய்தளம் இல்லை. கேட்டால் "தூக்கிவிடுகிறோம்" என்கிறார்கள். என் தங்கைக்கு அது பிடிக்கவில்லை. சட்டத்தில் ஏதாவது உண்டா?
– வாசகர், கிண்ணியா

பதில்: பிடிக்காதுதான், யார் யாரோ தொட்டுத் தூக்குவதற்கு எந்தப் பெண் சம்மதிப்பாள்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் 2006இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றமும் புதிய பொதுக் கட்டடங்களில் மலசலகூடம் உட்பட வசதி இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. இலங்கை 2016இல் அந்த ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்திவிட்டது. முதலில் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். சரிவராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் கெடு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் விசாரணைக் காலம் கெடுவில் சேராது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். கடிதத்தில் தங்கையே கையெழுத்துப் போடட்டும், "தூக்கிவிடுகிறோம்" என்றதையும் அப்படியே எழுதுங்கள்.