டெல்லியிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

நேர்வழியில் சுமார் 5,850 கி.மீ. இடைநில்லா விமானத்தில் போக ஏறக்குறைய ஏழரை மணி நேரம். திரும்ப ஒன்பதரை வரை ஆகும். காரணம், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் ஜப்பான் மேலே அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும்.

டிக்கெட்டைப் பார்த்துப் பலர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். அதில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். டோக்கியோ மூன்றரை மணி நேரம் முந்தியது. இரவு 8:00க்கு டெல்லியில் ஏறினால் காலை 7:00க்கு இறங்குவீர்கள். 11 மணி நேரம் போலத் தெரியும்; மூன்றரையைக் கழித்துவிடுங்கள். திரும்பும் பயணத்துக்கு அதையே கூட்ட வேண்டும்.