வீகன் சாப்பாட்டில் வயிறு நிறையவில்லையா? பருப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான்கு மாதமாகப் பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வேலை முடிந்து வந்தால் சமையலுக்கு அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. காய்கறி வதக்கல், கொஞ்சம் சோறு, சில நாள் சாலட். தட்டு நிறையத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் பத்து மணிக்கெல்லாம் மறுபடி பசிக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் ‘பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். எளிதாகவும் வயிறு நிறைகிற மாதிரியும் என்ன சமைக்கலாம்? சத்தில் ஏதாவது விட்டுப்போகிறதோ என்ற கவலையும் இருக்கிறது.

பதில்: காய், சோறு, சாலட் என்று எழுதியிருக்கிறீர்கள். பருப்பு, பயறு, கடலை எதுவுமே அதில் இல்லை. உங்கள் பத்து மணிப் பசிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பாலும் முட்டையும் இறைச்சியும் தட்டை விட்டுப் போகும்போது புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்தே கொண்டுபோகின்றன. அந்த இடத்தில் நீங்கள் வைத்தது காய்கறி. ஒரு கப் வெந்த முட்டைக்கோஸில் புரதம் 2 கிராம்தான் இருக்கும். அதே ஒரு கப் வெந்த மசூர் பருப்பில் ஏறக்குறைய 18 கிராம் புரதமும் 15 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. கொண்டைக்கடலை என்றால் புரதம் 14, 15 கிராம். காய் வயிற்றில் இடத்தை அடைக்கும். பசியை மணிக்கணக்கில் தள்ளிப்போடுவது புரதமும் நாரும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்து செய்கிற வேலை. ஆகவே ‘இன்றைக்கு என்ன காய்?’ என்று யோசிக்கத் தொடங்காமல் ‘இன்றைக்கு என்ன பயறு?’ என்று தொடங்குங்கள். காய் அதற்குப் பின்னால் தானாக வந்து சேரும்.

அளவு முக்கியம். சூப்பில் மிதக்கிற பத்துப் பதினைந்து கடலை கணக்கில் வராது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு வெந்த பருப்போ பயறோ தலை தட்டி ஒரு கப். அதனுடன் சோறு, ரொட்டி, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு என்று ஏதோ ஒரு மாவுச்சத்து. கூடவே ஒரு ஸ்பூன், ஒன்றரை ஸ்பூன் எண்ணெயோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ. ‘எண்ணெயே இல்லாமல் சமைத்தேன்’ என்று பெருமைப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வெண்ணெயையும் இறைச்சிக் கொழுப்பையும் ஏற்கெனவே விட்டவர்கள் எண்ணெயையும் விட்டால் பசிக்காமல் என்ன செய்யும்?

சரி, சமையலுக்கு வருவோம். முக்கால் மணி நேரம் மட்டுமே இருக்கிற நாளுக்குத் தோல் நீக்கி உடைத்த சிவப்பு மசூர் பருப்பைப் போல வேறொன்று இல்லை. ஊற வைக்கவே வேண்டாம். இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு கப் பருப்பு, அதாவது 200 கிராம். அகலமான அடிகனமான பாத்திரத்தில் மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டு, இரண்டு பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போடுங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் அடுத்ததைப் போட்டுவிடுவார்கள். அது போதாது. நடுத்தரத் தீயில் பத்து, பன்னிரண்டு நிமிடம் விடுங்கள்; ஓரங்கள் நன்றாகப் பழுப்பாக வேண்டும். அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துவிடுங்கள். கருகாத வரை, ருசி முழுக்க அந்த ஒட்டலில்தான் இருக்கிறது. பிறகு பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், மூன்று தக்காளி. தக்காளி மசிந்து எண்ணெய் பிரிந்ததும் பருப்பையும் நான்கு கப் தண்ணீரையும் உப்பையும் சேர்த்து மூடி வையுங்கள். இறக்குவதற்கு முன் அரை கப் தேங்காய்ப்பாலோ ஒரு பெரிய ஸ்பூன் பீனட் பட்டரோ கலந்து, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கீரை இருந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் போடலாம். ஒரு ஆளுக்குப் பருப்பிலிருந்து மட்டும் 24 கிராம் புரதம் வந்துவிடும். சோற்றுடனோ ரொட்டியுடனோ அதுவே முழுச் சாப்பாடு.

‘பத்தியச் சாப்பாடு’ என்ற குறைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இறைச்சியை வறுக்கும்போது வரும் ருசியில் பெரும்பகுதி அதன் மேல்பரப்பு பழுப்பாவதால் வருவது. அதற்கு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பாத்திரத்தில் தண்ணீர் நிற்கிற வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே சின்ன வாணலியில் காயைக் குவித்துப் போட்டு மூடி வைத்தால் அது தன் தண்ணீரிலேயே வேகுமே தவிர, வறுபடாது.

காளான் இதற்கு நல்ல உதாரணம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் இல்லாமல், உப்பும் போடாமல், காளானை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு, கலங்கலாகக் கொதிக்கும். பயந்து இறக்கிவிடாதீர்கள். தண்ணீர் வற்றும்போது சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய்ப் படபடவென்று பொரிகிற சத்தம் வரும். அப்போது எண்ணெய் விட்டு, ஓரங்கள் பொன்னிறமாகும் வரை வறுத்து, கடைசியில் உப்பும் சோயா சாஸும் சேருங்கள். கால் கிலோ காளான் ஒரு கைப்பிடி அளவாகிவிடும். அந்தக் கைப்பிடியை மேலே சொன்ன பருப்பின் மேல் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், யார் பத்தியம் என்கிறார்கள் என்று.

இறைச்சியிலும் பாலாடைக்கட்டியிலும் இருக்கிற அந்த ஆழமான ருசிக்குப் பெரிய காரணம் குளூட்டமேட் என்ற பொருள். ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா 1908-இல் அதைக் கடற்பாசி வகையான கொம்புவிலிருந்துதான் பிரித்தெடுத்தார். ஆக, அது இறைச்சிக்கு மட்டும் சொந்தமில்லை. சோயா சாஸ், நன்கு வதக்கிய தக்காளி விழுது, உலர்ந்த காளான் ஊறிய தண்ணீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. எந்தக் குழம்பு சப்பென்று தோன்றினாலும் முதலில் உப்பு சரியா என்று பாருங்கள், அப்புறம் இவற்றில் ஒரு ஸ்பூன், கடைசியாகக் கொஞ்சம் புளிப்பு. பெரும்பாலும் மசாலா குறைவாக இருக்காது, புளிப்புதான் குறைந்திருக்கும்.

சோயா பாலை உறையவைத்துச் செய்கிற டோஃபுவைப் பற்றி எல்லோரும் ஒரே குறைதான் சொல்வார்கள்: ருசியே இல்லை. கெட்டியான வகையாக வாங்கி, துணியில் சுற்றி, மேலே கனமாக ஏதாவது வைத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரை வடியுங்கள். துண்டு போட்டு, ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரில் புரட்டி, சூடான எண்ணெயில் பரப்பியபின் கை வைக்காதீர்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் தானாகவே வாணலியை விட்டு வரும். அதற்கு முன் கிளறினால் உடையும். சாஸை எப்போதும் வறுத்து முடித்தபின்தான் ஊற்ற வேண்டும். பெட்டியோடு ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, பிறகு உருக வைத்தால் டோஃபு பஞ்சு மாதிரி ஆகிவிடும். கையால் பிழிந்துவிட்டு சாஸில் போட்டால் உள்வரை இழுத்துக்கொள்ளும். மீல் மேக்கருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். உலர்ந்த எடையில் பாதி புரதம் என்பதால் ஒரு ஆளுக்கு 50 கிராம் தாராளம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். புதுத் தண்ணீரில் இன்னொரு முறை அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாசனை போகும். அப்புறம் வறுத்துவிட்டுத்தான் குழம்பில் போட வேண்டும்.

அடுப்பில் நிற்கவே முடியாத நாளுக்கு நூடுல்ஸ். வேகும் நேரத்தில் இரண்டு பெரிய ஸ்பூன் பீனட் பட்டர், ஒரு ஸ்பூன் சோயா சாஸ், அரை எலுமிச்சை, நசுக்கிய பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்து, நூடுல்ஸ் வெந்த சுடுதண்ணீரை விட்டு இளக்கிக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டாணியைக் கடைசி மூன்று நிமிடம் நூடுல்ஸோடு போட்டு வடித்து, எல்லாவற்றையும் கலந்தால் முடிந்தது. பாக்கெட்டில் முட்டை சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சாலட்டும் சாப்பாடாகலாம், அதில் ஒரு கப் கொண்டைக்கடலையும் வெந்த தானியமும் வேர்க்கடலையும் இருந்தால்.

முழுப்பயறுகளுக்கு நேரமில்லை என்பீர்கள். விடுமுறை நாளில் அரைக் கிலோவை மொத்தமாக வேக வையுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கும். மூன்று நாளுக்கானதை ஃப்ரிட்ஜிலும், மீதியை ஒரு கப் வீதம் வெந்த தண்ணீரோடு ஃப்ரீசரிலும் வைத்தால் வார நாளில் வதக்குகிற வேலை மட்டும்தான். ஊறவைக்கும்போது உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வார்கள். உண்மை நேர்மாறானது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய ஸ்பூன் உப்பு போட்டு இரவு முழுக்க ஊறவைத்தால் தோல் இளகி, உடையாமல் மிருதுவாக வேகும். வேகாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியும் எலுமிச்சையும் முழுப்பயறு வெந்தபிறகுதான் சேர வேண்டும். சிவப்பு மசூருக்குத் தோல் இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

ராஜ்மாவில் மட்டும் கவனம் தேவை. அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் நன்றாக வெந்தால் பிரச்சினை இல்லை. மெதுவாக வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. அந்தச் சூடு போதாது.

பயறைத் திடீரென்று கூட்டினால் வாயுத் தொல்லை வரத்தான் செய்யும். அதில் உள்ள சில சர்க்கரைகளை நம் குடலால் செரிக்க முடியாது; பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் நொதிக்கவைக்கின்றன. முதல் வாரம் அரை கப், பிறகு முக்கால் கப் என்று ஏற்றுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டுவதும் உதவும்.

இனி சத்துக் கவலை. புரதத்தைப் பற்றி நிம்மதியாக இருங்கள். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தின் ஒரு கூறை, பயறு தருகிறது. இரண்டும் ஒரே வேளையில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, ஒரே நாளில் இருந்தால் போதும். இரும்புச்சத்துக்குப் பயறோடு எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய் போன்ற வைட்டமின் சி உள்ள எதையாவது சேருங்கள். சாப்பிட்ட கையோடு தேநீரோ காபியோ குடித்தால் உறிஞ்சுதல் குறையும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கால்சியத்துக்குப் பசலைக்கீரையை நம்பாதீர்கள். அதில் உள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தின் பெரும்பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் உப்பு சேர்த்து உறையவைத்த டோஃபு, கால்சியம் சேர்த்த சோயா பால், எள் ஆகியவை பரவாயில்லை. உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும்.

எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் தட்டில் கிடைக்காத ஒன்று வைட்டமின் பி12. தாவர உணவில் நம்பத் தகுந்த பி12 இல்லை. 1944-இல் பிரிட்டனில் தொடங்கிய வீகன் சொசைட்டி சொல்கிற அளவு இது: மாத்திரையாக தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய சில வருடங்கள்கூட ஆகலாம். நான்கு மாதத்தில் உங்களுக்கு எதுவும் தெரியாததை வைத்து ‘எனக்குத் தேவையில்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். இன்னொன்று: பயறிலும் கீரையிலும் நிறைய இருக்கும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே தொடரும். மாத்திரையை இந்த வாரமே தொடங்குங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, வேறு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத சோர்வு என்று ஏதாவது இருந்தால் அளவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.